மூணு பீஸ் கட்டை

நம்பினா நம்புங்க, நம்பாட்டி எந்திரிச்சுப் போங்க. மிக்கேல்ராஜ் புளுகுற ஆள் இல்லை. ராத்திரி கதைகூட இல்லை இது. 1957, ஜூன் மாசம், ஒரு வியாழக்கிழமை, பட்டப்பகல்ல நடந்தது.

பீர்மேட்டுக்கு மேல, தேயிலைக்காடு முடியுற மொட்டையில பட்டாளத்து ஒயர்லெஸ் கேம்ப் ஒண்ணு. அங்கே டீசல் எஞ்சின் ஓட்டுறவர் பொன்ராஜ். கம்பி, பல்பு, மோட்டார் எல்லாம் மிக்கேல்ராஜ் பொறுப்பு. சேர்ந்து ஆறு வாரம்தான் ஆச்சு. வீட்டுல பொண்டாட்டிக்கு நிறைமாசம்.

முதல் நாளே பொன்ராஜ் சொல்லியிருந்தாரு. "கம்பத்துல ஏறுறவன் போர்டுல இருக்கிற மூணு பீங்கான் பீஸ் கட்டையையும் பிடுங்கி, தன் பையிலயே போட்டுக்கணும்லே. அப்பத்தான் மேல கரண்டு வராது. போர்டு மேல கெடந்தா, வேலை முடிஞ்சுதுன்னு நான் சொருகிருவேன்."

அன்னைக்கு நாலாம் கம்பத்துல, கம்பியைத் தாங்குற பீங்கான் குமிழ் வெடிச்சிருந்தது. எஞ்சினை நிறுத்திட்டுப் பொன்ராஜ் டீ குடிக்கப் போனாரு. மணி 3:35. மிக்கேல்ராஜ் மூணு கட்டையையும் பிடுங்கினான். ஆனா டவுசர்ல ஒரு பையில குறடு. இன்னொண்ணுல பொண்டாட்டி காலையில இலையில மடிச்சுக் குடுத்த கப்பக்கிழங்கு, மூணு துண்டு. மழையில சாப்பிட நேரமே கிடைக்கலை. பத்து நிமிஷ வேலைதானேன்னு கட்டைகளைப் போர்டு மேலயே வெச்சுட்டுக் கிளம்பிட்டான். கிழங்குக்கு இடம் இருந்தது, உசுருக்கு இல்லை. பாவிப்பய!

வெளியே மூடுபனி. கை நீட்டினா கை தெரியலை. நடக்க நடக்கப் பின்னாடி ஒரு சத்தம்.

கிளிங்... கிளிங்...

யாரோ பையில பீங்கானைப் போட்டுக்கிட்டு நடக்கிற சத்தம். இவன் நின்னான். அதுவும் நின்னுச்சு.

"யாரு? அண்ணாச்சியா?"

பயந்துதான் போனான். ஆனா இருட்டுறதுக்குள்ள முடிக்கணுமே. மரக்கம்பத்துல ஏறி, இடுப்புக் கயித்தைக் கட்டி, வெறுங்கையால செம்புக் கம்பியைப் பிடிச்சான். மணி 3:48 இருக்கும்.

கம்பம் ஆடுச்சு. கீழேயிருந்து யாரோ ஏறி வர்றாங்க.

கிளிங்... கிளிங்...

அவன் ரெண்டு கை மேலயும் ரெண்டு கை வந்து படிஞ்சுது. ஈரக் கை. சில்லுன்னு...

அப்பத்தான் கேட்டுச்சு.

டுக்... டுக்... டுக்டுக்டுக்...

எஞ்சின்!

கத்தப் பார்த்தான்.

தலைக்கு மேல பல்பு மினுக்குச்சு. எரிஞ்சுது.

அதே கம்பிதான்... அவன் கையில இருந்தது.

ஒண்ணும் ஆகலை.

அந்தக் கை, அவன் விரலை ஒவ்வொண்ணாப் பிரிச்சு விட்டுச்சு.

எப்படி இறங்கினான்னு அவனுக்கே தெரியாது. எஞ்சின் ரூமுக்குள்ள வந்து விழுந்தான்.

"எங்கலே போன?" பொன்ராஜ் கேட்டாரு. "ஆபீசர் அவசரம்னு ஆள் விட்டாரு. கட்டை போர்டு மேல கெடந்துச்சு. சொருகிட்டேன்."

"நான் கம்பத்துல இருந்தேன் அண்ணாச்சி..."

பொன்ராஜ் அப்படியே தரையில உக்காந்துட்டாரு. போர்டுல மூணு கட்டையும் சொருகினபடி இருந்தது. மிக்கேல்ராஜ் பையைத் தொட்டான். கனத்துச்சு. இலைப் பொட்டணத்தை எடுத்துப் பிரிச்சான்.

கிழங்கு இல்லை. மூணு பீஸ் கட்டை. செம்மண் அப்பி இருந்தது. ஒவ்வொண்ணுலயும் ஆணியால கீறின ஒரு சிலுவை.

பொன்ராஜுக்கு அது யாரோட வேலைன்னு தெரிஞ்சிருக்கு. அவனைத் தோட்ட ஆளுங்க குடியிருக்கிற லயத்துக்குக் கூட்டிக்கிட்டுப் போனாரு. மிக்கேல்ராஜுக்கு முன்னாடி அதே வேலை பார்த்த ஏசுதாஸோட விதவை, மதலேனம்மாள், அங்கேதான் இருந்தாங்க. கட்டையைக் கையில வாங்கினதும் அந்தம்மா அழுதுட்டாங்க.

"என் வீட்டுக்காரரு அந்த நாலாம் கம்பத்துலதான்யா செத்தாரு. ரெண்டு வருசமாச்சு. கட்டையைப் போர்டு மேல வெச்சுட்டு ஏறிட்டாரு. யாரோ சொருகிட்டாங்க. இனி ஒருத்தனும் சொருகக் கூடாதுன்னு, நாந்தான் இதுல சிலுவை கீறி, சவப்பெட்டிக்குள்ள அவரு பையில வெச்சுப் பொதைச்சேன்."

மூணு பேரும் கல்லறைக்கு ஓடினாங்க. மேட்டுல ஒரு புல்லுகூடக் கலையலை.

மரச் சிலுவை அடியில கப்பக்கிழங்கு, மூணு துண்டு. காலையில அவிச்சது, இன்னும் சூடு ஆறலை. ஒரு துண்டுல மட்டும்... பல் பட்ட தடம் இருந்தது.