ஐந்தில் முதல் படம்

மீனம்மாவைக் கல்லுச்சிலை என்று ஆட்கள் அவளுக்கு முன்னாலேயே சொல்வார்கள். அவள் மறுத்ததில்லை. போர்நிறுத்தத்தோடு பாதை திறந்த வருடம் அவளுடைய அண்ணன் பழைய காணியைத் துப்புரவாக்கப் போய் மிதிவெடியில் கால் வைத்தான். அந்தச் செத்த வீட்டில் அழாமல் இருந்தவள் அவள் ஒருத்திதான். வந்த சனத்துக்குத் தேத்தண்ணி ஊற்றிக் கொடுத்தாள். கதிரை காணாதென்று பக்கத்து வீட்டில் இரவல் வாங்கி வந்தாள். அழுகை பிந்தி வரும் என்று தாய் சொன்னா. அது வரவேயில்லை.

தாயும் தகப்பனும் இனக்கலவரத்துக்குப் பிறகு தேயிலைத் தோட்டத்தை விட்டு வன்னிக்கு வந்து, ஜெயபுரத்தில் காடு வெட்டிக் குடியேறியவர்கள். வீட்டில் தோட்டத்துப் பேச்சு, வெளியில் வன்னிப் பேச்சு என்று இரண்டோடும் வளர்ந்தவள் மீனம்மா. சின்ன வயதிலிருந்தே நன்றாகப் படம் கீறுவாள். சமாதான காலத்தில் கிளிநொச்சியில் கொம்பியூட்டரும் பழகினாள். மிதிவெடி விழிப்புணர்வு செய்யும் ஒரு நிறுவனத்தில் அவளுக்கு வேலை கிடைத்தபோது, அண்ணனை நினைத்துத்தான் போகிறாள் என்று ஊர் உருகியது. உண்மையில் படமும் கொம்பியூட்டரும் தெரிந்த ஒருவரைக் கேட்டார்கள், அவளுக்கு இரண்டும் தெரிந்திருந்தன. அவ்வளவுதான்.

அந்த வருடம் இந்தியாவிலிருந்து அகதிச் சனம் திரும்பிக்கொண்டிருந்தது. இங்கத்தைய பிள்ளைகளுக்கு மிதிவெடியைப் பற்றிப் புதிதாக ஒன்றும் சொல்ல வேண்டியதில்லை. முகாமில் பிறந்து வளர்ந்த பிள்ளைகளுக்குத்தான் எதுவும் தெரியாது. அவர்களுக்காக ஓர் அசையும் படம் செய்யச் சொன்னார்கள். மீனம்மா ஐந்து படங்கள் கீறினாள். முதலாவதில் ஒரு பெடியன் சிரித்தபடி, பனையடியில் கிடக்கும் சாமானை எடுக்கக் கை நீட்டுகிறான். இரண்டாவதில் விரல் அதில் படுகிறது. மூன்றாவது முழுவதும் வெள்ளையும் சிவப்பும். நான்காவதில் பெடியன் ஒரு கால் இல்லாமல் ஊன்றுகோலோடு நிற்கிறான். செத்ததாகக் காட்டினால் பிள்ளைகள் பயந்துவிடும் என்று மேலதிகாரி சொல்லியிருந்தார். ஐந்தாவதில் மண்டையோட்டுப் பலகை, அதில் "தொடாதே, பெரியவர்களிடம் சொல்." ஐந்தையும் அடுக்கி ஒரே ஜிஃப் கோப்பாக்கி, முடிந்ததும் திரும்பத் தொடங்கும்படி விட்டாள்.

அலுவலகத்தில் அதைப் போட்டுப் பார்த்தபோது, களவேலை செய்யும் றிஃபாத் முதுகுக்குப் பின்னால் நின்றான். முஸ்லிம் சனத்தோடு முல்லைத்தீவிலிருந்து துரத்தப்பட்டுப் புத்தளத்தில் வளர்ந்து திரும்பிய பெடியன். வாய் ஓயாது.

"மீனாக்கா, உங்கட பெடியனுக்குக் கால் திரும்ப முளைச்சிட்டுது. பல்லிக்கு வால் முளைக்கிற மாதிரி!"

"திரும்பத் திரும்ப ஓடட்டும். பிந்தி வாற பிள்ளையளும் பாக்கும்தானே."

"வெடிச்ச பிறகும் அதே இடத்துக்குப் போறான். அறளை பேந்து புத்தி மாறின பெடியன்."

மற்றவர்கள் சிரித்தார்கள். மீனம்மா கோப்பைச் சீடிகளில் ஏற்றி, கொம்பியூட்டர் உள்ள பாடசாலைகளுக்கெல்லாம் அனுப்பிவைத்தாள்.

கொஞ்சக் காலம் கழித்துப் பூநகரிப் பக்கத்துச் சிறு பாடசாலை ஒன்றிலிருந்து நன்றி சொல்லி ஒரு பொதி வந்தது. கயிற்றை அவிழ்த்தால், பிள்ளைகள் நிறம் தீட்டிய தாள்கள். எல்லாத் தாளிலும் அவள் கீறிய பெடியன். எல்லாத் தாளிலும் அவன் சிரித்தபடி கை நீட்டினான். பனையடியில் கிடந்த சாமான் ஒன்றில் பச்சை, ஒன்றில் மஞ்சள், இன்னொன்றில் பழுத்த மாம்பழம் போலச் சிவந்த ஓரத்தோடு.

வெடிப்பைக் காணவில்லை. ஊன்றுகோலைக் காணவில்லை. பலகையையும் காணவில்லை.

அவளுக்கு உடனே விளங்கிவிட்டது. ஜிஃப் என்பது ஒன்றன்மேல் ஒன்றாக வைத்த படங்களின் அடுக்கு. தெரிந்த மென்பொருள் அதைப் புரட்டிக் காட்டும். தெரியாத பழைய மென்பொருள் மேலே உள்ள படத்தை மட்டும் காட்டிவிட்டுப் பேசாமல் இருக்கும், பிழை என்றுகூடச் சொல்லாது. அந்தப் பாடசாலைக்கு யாரோ தானமாகக் கொடுத்த பழைய கொம்பியூட்டர் காட்டியது இந்தச் சிரிப்பை மட்டும்தான்.

"றிஃபாத், மோட்டார் சைக்கிளை எடும்."

"எங்க?"

அவள் தாள்களை நீட்டினாள். இரண்டு தாள் பார்ப்பதற்குள் அவன் சாவியை எடுத்துக்கொண்டு வெளியே ஓடினான்.

பரந்தன் தாண்டிப் பூநகரிப் பாதையில் குழிக்குக் குழி துள்ளி ஓடினார்கள். ஏதாவது ஒரு பிள்ளை அந்தப் படத்தைப் பார்த்துக் கை நீட்டியிருந்தால் அந்தக் கையை நீட்டச் சொன்னது தான்தான் என்பது மீனம்மாவுக்குத் தெரிந்தது. தெரிந்ததே தவிர நெஞ்சு இடிக்கவில்லை. பாதையோரத்து மண்டையோட்டுப் பலகைகளில் சாயம் உரிந்துவிட்டதே என்று பார்த்துக்கொண்டு போனாள்.

பாடசாலையில் ஞானேஸ்வரி ரீச்சர் முகமெல்லாம் சிரிப்பாக வந்தா.

"பொதி கிடைச்சதோ? எங்கட பிள்ளையள் வடிவாய்த் தீட்டியிருக்குதுகள் என்ன? நான் ஸ்டென்சிலில கீறி றோணியோ மெசினில அடிச்சு எல்லாருக்கும் குடுத்தனான். நல்லாய் தீட்டின ஆக்களுக்குக் கலர்ப் பென்சில் பரிசு."

"ரீச்சர், படத்தைப் பற்றிப் பிள்ளையளுக்கு என்ன சொன்னனீங்கள்?"

"என்னத்தைச் சொல்ல? பெடியன் ஏதோ விழுந்ததைப் பொறுக்குறான். ஊரைத் துப்புரவாய் வைச்சிருக்கோணும் எண்டு சொன்னன். வேறயென்ன?"

"அது மிதிவெடி ரீச்சர். இன்னும் நாலு படம் இருக்கு. உங்கட மெசின் காட்டேல்ல."

ரீச்சர் பக்கத்திலிருந்த வாங்கில் இருந்துவிட்டா. சுவர் முழுக்க அதே பெடியன் சிரித்துக்கொண்டிருந்தான். றிஃபாத் பிள்ளைகளைக் கூப்பிட்டு, யாராவது இப்படி ஏதும் எடுத்தீர்களா என்று கேட்டான். கடைசி வாங்கிலிருந்து ஒரு குரல் மட்டும் வந்தது.

"சிவரூபி எடுத்தவள் சேர். ரீச்சருக்குக் குடுக்கப்போறன் எண்டவள்."

"அவள் எங்க?"

"இண்டைக்கு வரேல்ல."

சிவரூபி இந்தியாவில் மண்டபம் அகதி முகாமிலிருந்து வந்த பிள்ளை. வீடு குளக்கட்டுக்குக் கீழே, தறப்பாள் கொட்டில். ரீச்சர் வழிகாட்ட அவர்கள் போய்ச் சேர்ந்தபோது பிள்ளை வாசலில் சட்டி கழுவிக்கொண்டிருந்தாள். இரண்டு கையும் இருந்தன. தாய்க்குக் காய்ச்சல் என்று பள்ளிக்கூடம் போகவில்லையாம்.

"எடுத்த சாமான் எங்க பிள்ளை?" என்றான் றிஃபாத்.

அவள் வேலியைக் காட்டினாள். கதியால் தடி ஒன்றில் துணிப்பை தொங்கியது. உள்ளே அடியில், சப்பாத்துப் பொலிஷ் ரின் அளவில் ஒரு வட்டம் துருத்திக்கொண்டிருந்தது. காற்றில் பை மெல்ல ஆடியது. பையின் ஓரத்தை யாரோ நீல நூலால் நெருக்கமாகத் தைத்திருப்பதை மீனம்மா கவனித்தாள். நல்ல தையல்.

"ஒருத்தரும் கிட்டப் போகாதேங்கோ!" றிஃபாத் கத்தினான். காய்ச்சல்காரத் தாயைத் தோளில் தாங்கிக் கொண்டுபோய், மற்றவர்களோடு குளக்கட்டுக்கு அந்தப்பக்கம் இருத்திவிட்டு, வெடியகற்றும் ஆட்களைக் கூட்டிவரப் பறந்தான். அவர்கள் வந்து மணல் மூடை அடுக்கி, பையை இறக்காமல் வேலியோடு வைத்தே வெடிக்கவைத்தார்கள். தாய் குளறினா. ரீச்சர் காதைப் பொத்தினா. புகை கலைந்ததும் மீனம்மா எழும்பிச் சட்டையில் ஒட்டிய மண்ணைத் தட்டினாள்.

சிவரூபி அழுதுகொண்டிருந்தாள். பயத்தில் அல்ல.

"எங்கிட்ட கலர் பென்சிலே இல்லக்கா. கரித்துண்டாலதான் தீட்டுனேன். ரீச்சர் என் படத்த எடுக்கல. நெசமான சாமானையே கொண்டாந்தா பரிசு குடுப்பாங்கன்னு நெனச்சேன். நீங்க வெடிக்க வச்சுட்டீங்க."

மீனம்மா அவளுக்குப் பக்கத்தில் குந்தினாள். வீட்டுப் பேச்சு தானாக வாயில் வந்தது.

"எடுக்கையில பயமா இல்லையாடி?"

"அந்தப் பையன் சிரிக்கிறான்ல."

முகம் மாறுவது பிறகு எடுப்பாகத் தெரியட்டும் என்றுதான் முதல் படத்தில் அவனைச் சிரிக்க வைத்திருந்தாள். அதை இந்தப் பிள்ளைக்கு எப்படிச் சொல்வது என்று அவளுக்குத் தெரியவில்லை. கையோடு கொண்டுவந்த பொதியிலிருந்து ஒரு தாளை எடுத்துப் பின்பக்கம் திருப்பி, மடியில் வைத்து மிச்ச நாலையும் கீறினாள். கோடெல்லாம் நேராக வந்தது. ஊன்றுகோல் கீறியபோது சிவரூபி அழுகையை நிறுத்திவிட்டு எட்டிப் பார்த்தாள்.

"கால் எங்கக்கா?"

"போயிருச்சு."

"திரும்ப வருமா?"

"வராது."

பிள்ளை தன் காலைப் பாவாடைக்குள் இழுத்துக்கொண்டாள். தாளை வாங்கி, நாலாவது படத்தில் விரலை வைத்துக்கொண்டே இருந்தாள்.

பாடசாலைக்குத் திரும்பியதும் ரீச்சர் சுவரிலிருந்த படங்களையெல்லாம் கழற்றி மீனம்மாவிடம் கொடுத்தா. மற்றப் பாடசாலைகளில் என்ன காட்டியிருக்குமோ, ஒவ்வொன்றாகப் போய்ப் பார்க்கவேண்டும். மண்டையோட்டை முதல் படமாக வைத்துக் கோப்பைத் திரும்பச் செய்யவேண்டும். திரும்பும் வழியில் பின்னால் இருந்தபடி அதையெல்லாம் ஒரு பலசரக்குச் சிட்டை போல றிஃபாத்துக்குச் சொன்னாள். கொஞ்சத் தூரம் ஓடியதும் அவன் மோட்டார் சைக்கிளை ஓரங்கட்டி, வேலியைப் பிடித்துக்கொண்டு சத்தி எடுத்தான்.

"உங்களுக்கு ஒண்டும் செய்யேல்லையே அக்கா?" வாயைத் துடைத்தபடி கேட்டான்.

மீனம்மா தண்ணிப் போத்தலை நீட்டினாள்.

"வாயைக் கொப்பளியும். இருட்டமுதல் இன்னொரு பள்ளிக்கூடம் பாக்கலாம்."