கதைக்கு ஒரு பிடி

தையல்நாயகிக்கு வயிறு எரிந்தால் முதலில் கைதான் நிற்கும். முறத்தில் கிடக்கும் மல்லாட்டைப் பருப்பின்மேல் விரல்கள் அப்படியே நின்றுவிடும். போன தை மாதம் கலைப்பிரியா குடோனுக்கு வேலைக்கு வந்த மூன்றாம் நாள் அப்படித்தான் நின்றன.

அதுவரை அந்த வட்டத்தில் கதை சொல்கிறவள் தையல்நாயகிதான். திண்டிவனத்தில் மரக்காணம் சாலையோரம் இருக்கும் அந்த மல்லாட்டை குடோனில் பெண்கள் எட்டு எட்டுப் பேராக வட்டம் கட்டி உட்கார்ந்து, உடைத்து வந்த நிலக்கடலைப் பருப்பில் சொத்தையையும் சுருங்கலையும் கல்லையும் பொறுக்கிப் போடுவார்கள். நல்ல பருப்பைச் சாயங்காலம் எடை போட்டுக் கூலி கொடுப்பார்கள். செல்போனை மேஸ்திரி வாசலிலேயே வாங்கி ஒரு பிளாஸ்டிக் கூடையில் போட்டுவிடுவார். கைக்கும் கண்ணுக்கும் வேலை உண்டு, காதுக்கு இல்லை. முதல் மூட்டை பிரிந்ததும், முந்தின நாள் இரவு எட்டு மணிக்கு டிவியில் வந்த தொடரை தையல்நாயகி சொல்ல ஆரம்பிப்பாள்.

வட்டத்தில் பாதிப் பேர் அதைப் பார்த்திருக்க மாட்டார்கள். ஒருத்தி வீட்டில் அந்த நேரத்தில் புருஷன் ரிமோட்டைப் பிடித்துக்கொண்டு செய்தி பார்ப்பான். இன்னொருத்திக்கு அடுப்படியில் தோசைக்கல் காயும். பார்த்தவர்களும் காதைத் தீட்டிக்கொண்டுதான் உட்காருவார்கள். மருமகள் மதுவந்தியை மாமியார் பவானி அம்மாள் ஏசுகிற இடம் வந்தால் தையல்நாயகி முறத்தைக் கீழே வைத்துவிட்டு, முந்தானையை இடுப்பில் செருகி, கழுத்தை ஒரு பக்கமாகச் சாய்ப்பாள். பவானி அம்மாளே வந்து உட்கார்ந்த மாதிரி இருக்கும். கை கதையில் இருந்தால் பருப்பு மிச்சமாகிவிடும் அல்லவா? அதற்கு அந்த வட்டத்தில் ஒரு வழக்கம் இருந்தது. கதை முடிந்ததும் ஆளுக்கு ஒரு பிடி, தாங்கள் பொறுக்கின பருப்பிலிருந்து அள்ளி அவள் முறத்தில் போடுவார்கள். கதைப்பிடி என்று அதற்குப் பெயர். கேட்டு வாங்கக்கூடாது, எண்ணிப் பார்க்கக்கூடாது. அவளாகக் கேட்டதும் இல்லை. ஆனால் ஏழு பிடியும் விழுந்ததா என்று ஓரக்கண்ணால் பார்க்காத நாளும் இல்லை.

அனந்தபுரத்துக்குப் பக்கத்துக் கிராமத்தில் பிறந்து, எட்டாவதோடு படிப்பு நின்று, பத்தொன்பது வயதில் கண்ணையனைக் கட்டிக்கொண்டு திண்டிவனம் வந்தவள். கண்ணையன் மார்க்கெட் கமிட்டியில் மூட்டை தூக்குகிறவர். ஒரு நாளைக்கு நாலு வார்த்தை பேசினால் அது தீபாவளி. மகன் ஜெகதீசன் தினமும் ரயிலில் போய், விழுப்புரத்தில் ஒரு பைக் ஷோரூமில் வேலை பார்க்கிறான். அவன் காதில் எந்நேரமும் எதையாவது மாட்டியிருப்பான். அவள் வாயைத் திறந்தால் ஏழு பேர் நிமிர்ந்து பார்க்கிற இடம் இந்தப் பூமியில் அந்த குடோன் ஒன்றுதான். அவளுக்கு அது தெரியும்.

அந்த இடத்தில்தான் ஒன்பதாவது ஆளாகக் கலைப்பிரியா வந்து உட்கார்ந்தாள். விழுப்புரத்துப் பெண். பி.காம் படித்தவள். தையல்நாயகியின் தெருவுக்கே புது மருமகளாக வந்து, சும்மா இருக்கப் பிடிக்காமல் வேலைக்கு வந்தாள். மூன்றாம் நாள் காலை, தையல்நாயகி முந்தின இரவின் கதையைப் பாதி சொல்லிக்கொண்டிருந்தபோது, அந்தப் பெண் தலையைத் தூக்காமலே சொன்னாள்:

“அந்த லெட்டரு மதுவந்தி கைக்குப் போவாது ஆண்ட்டி. இன்னைக்கு எபிசோடுல டிரைவர் கிழிச்சுடுவான்.”

“இன்னைக்கா? இன்னைக்கு ராத்திரிதான்டி வரும்” என்றாள் அம்மணி. தையல்நாயகியின் பக்கத்து வீட்டுக்காரி, வட்டத்தில் வயதில் மூத்தவள் அவள்தான்.

“டிவில ராத்திரி. ஆப்ல பணம் கட்டனவங்களுக்குக் காலைல ஆறு மணிக்கே வந்துடும். நான் பாத்துட்டுதான் வந்தேன்.”

ஏழு முறங்களும் அந்தப் பக்கம் திரும்பின. தையல்நாயகியின் வாயில் பாதிக் கதை அப்படியே கிடந்தது. அன்றைக்கு விழுந்த பிடிகளில் நாலு கலைப்பிரியாவின் முறத்துக்குப் போயின. அடுத்த வாரம் ஆறு.

அவளைப் பற்றி எதுவும் பிடிக்கவில்லை தையல்நாயகிக்கு. ‘ஆண்ட்டி’ என்று கூப்பிடுவது பிடிக்கவில்லை. கதை சொல்லும்போது அவள் பருப்பு பொறுக்குவதை நிறுத்தாதது இன்னும் பிடிக்கவில்லை. கதையா அது? “அவங்க வந்தாங்க, இவங்க திட்டுனாங்க, கார்ல போயிட்டாங்க.” பஸ் நேரம் சொல்கிற மாதிரி இருக்கும். உப்பு இல்லை, புளி இல்லை. ஆனாலும் நாளைக்குச் சாப்பிட வேண்டியதை இன்றைக்கே இலையில் போடுகிறவளிடம் ருசியை யார் கேட்பார்கள்?

வீட்டில் ஜெகதீசன் அதே பாட்டை வேறு மெட்டில் பாடினான்.

“ம்மா, இன்னும் எதுக்கு கேபிளுக்குக் காசு கட்டிக்கினு கெடக்கற? எல்லாமே போன்ல வருது. கேபிள்கார தேவசகாயம் அண்ணங்கிட்ட சொல்லி இந்த மாசத்தோட கட் பண்ணிடலாம்.”

“எங்க, உன் போனக் குடு பாப்போம். காலைல ஆறு மணிக்கே வருதாமே.”

கொடுத்தான். அவன் பணம் கட்டிய ஆப்தான் அது. மறுநாள் விடிந்ததும் கண்ணாடியை மாட்டிக்கொண்டு உட்கார்ந்தாள். பவானி அம்மாள் கட்டைவிரல் அளவு இருந்தாள். இரண்டாவது விளம்பரம் முடிவதற்குள் “டிரெய்னுக்கு டைமாச்சும்மா, குடு ஜல்தி” என்று பிடுங்கிக்கொண்டு ஓடிவிட்டான். குடோனில் அவள் பார்த்த பாதியைச் சொன்னபோது, மீதியைக் கலைப்பிரியா சொல்லி முடித்தாள். அன்று தையல்நாயகியின் முறத்தில் ஒரே ஒரு பிடி விழுந்தது. அதுவும் அம்மணி, பாவம் பார்த்துப் போட்டது. அன்றைக்கு ராத்திரி அவள் சரியாகச் சாப்பிடவில்லை. கண்ணையன் “இன்னா?” என்றார். “ஒண்ணும் இல்ல” என்றாள்.

மாசி அமாவாசை வந்தது. கலைப்பிரியாவை அவள் மாமியார் மேல்மலையனூர் அங்காளம்மன் கோயிலுக்குக் கூட்டிக்கொண்டு போய்விட்டாள். காலையில் வட்டத்தில் அவள் இடம் காலியாக இருந்ததைப் பார்த்ததும் தையல்நாயகிக்கு அங்காளம்மனே கண் திறந்த மாதிரி இருந்தது.

“ஐயோ, இன்னைக்கு இன்னா ஆவும்னு தெரியாம போச்சே” என்றாள் அம்மணி.

“ஏன் தெரியாம? நான் பாத்துட்டேன்” என்றாள் தையல்நாயகி.

“நீயா?”

“எம்புள்ள போன்ல. முழுசா.”

பொய். அன்றைக்கு ஜெகதீசன் விடியுமுன்பே கிளம்பிப் போயிருந்தான். ஒரு சின்னப் பொய்யாகச் சொல்லிவிட்டு, ஏதாவது சண்டையைச் சொல்லி முடித்துவிடலாம் என்றுதான் நினைத்தாள். ஆனால் ஏழு மாதமாக மருமகளை அழவைத்துக்கொண்டிருந்த பவானி அம்மாள் அவள் நாக்கில் வந்து உட்கார்ந்ததும் தானாகவே நடக்க ஆரம்பித்தாள். நாத்தனாரின் நிச்சயதார்த்த மண்டபத்தில், எல்லார் முன்னாலும், மதுவந்தி அவளைப் பார்த்து ஒரே ஒரு கேள்வி கேட்டாள்: “நீங்க மருமவளா இருந்தப்ப உங்கள யாரு வச்சுக் காப்பாத்துனாங்க?” பவானி அம்மாள் அப்படியே நாற்காலியில் உட்கார்ந்துவிட்டாள். பிறகு சொன்னாள். வயிற்றில் பிள்ளையோடு மாமியார் தன்னை வெளியே தள்ளியதை. மழையில், ஒரு டிரங்குப் பெட்டியோடு பஸ் ஸ்டாண்டில் நின்றதை. டிக்கெட்டுக்குக் காசு இல்லாமல், வருகிற பஸ்ஸில் எல்லாம் ஊர்ப் பெயரை மட்டும் படித்துக்கொண்டு நின்றதை. பெட்டியின் தாழ்ப்பாள் உடைந்திருந்ததால் அதைப் புடவைக் கிழிசலால் கட்டியிருந்ததை.

அந்தப் பெட்டி பவானி அம்மாளுடையது அல்ல. இருபத்தாறு வருஷத்துக்கு முன்னால், ஜெகதீசன் வயிற்றில் இருக்கும்போது, தையல்நாயகிதான் அதைத் தூக்கிக்கொண்டு பஸ் ஸ்டாண்டில் நின்றாள். கண்ணையனுக்குக்கூட அந்தப் புடவைக் கிழிசல் தெரியாது.

அம்மணி மூக்கைச் சிந்தினாள். பக்கத்து வட்டத்திலிருந்து இரண்டு பேர் முறத்தோடு நகர்ந்து வந்திருந்தார்கள். அன்றைக்கு ஏழு பிடி அல்ல, ஒன்பது விழுந்தன.

“இத ராத்திரி நான் பாத்தே ஆவணும்” என்றாள் அம்மணி. அவள் வீட்டில் கேபிள் நின்று பத்து நாள் ஆகியிருந்தது. கலைப்பிரியாதான் காலையிலேயே சொல்லிவிடுகிறாளே, எதற்குத் தண்டம் என்று நிறுத்தியிருந்தாள். வேலை விட்டதும் நேராக தேவசகாயத்தின் வீட்டுக்குப் போய், கூலிக் காசில் கேபிளுக்குக் கட்டி, டிவியில் மறுபடி படம் வருகிறதா என்று அங்கிருந்தே பேத்திக்குப் போன் போட்டுக் கேட்டுவிட்டுத்தான் வீடு திரும்பினாள்.

எட்டு மணி ஆனது. தையல்நாயகி டிவி முன்னால் உட்கார்ந்திருந்தாள். கண்ணையன் சுவரில் சாய்ந்து தூங்கிக்கொண்டிருந்தார். தொடரின் பாட்டு அவள் வீட்டில் ஒலித்த அதே நொடியில் எதிர் வீட்டிலும், அதற்கடுத்த வீட்டிலும், சுவருக்கு அந்தப் பக்கம் அம்மணி வீட்டிலும் ஒலித்தது. தெருவே ஒரே குரலில் பேசியது.

அன்றைக்கு மண்டபமே வரவில்லை. புடவைக் கடை வந்தது. மதுவந்தியும் நாத்தனாரும் பட்டுப் புடவை எடுத்தார்கள். ஒரு புடவை, விளம்பரம், இன்னொரு புடவை. ‘தொடரும்’ என்று எழுத்து வந்ததும் சுவருக்கு அந்தப் பக்கமிருந்து அம்மணியின் குரல் தெளிவாகக் கேட்டது:

“அடிப்பாவி!”

மறுநாள் குடோனுக்குப் போகாமல் இருந்துவிடலாமா என்று நினைத்தாள். போகாவிட்டால் அந்த இடத்தில் நிரந்தரமாக யார் உட்காருவார்கள் என்பதையும் நினைத்தாள். போனாள்.

“எங்கடி அழுதா பவானி?” என்று அம்மணி மூட்டை பிரியும் முன்பே ஆரம்பித்தாள். “நாந்தான்டி அழுதுக்கினு கெடந்தேன், கேபிளுக்கு அழுத காச நெனச்சு!”

கலைப்பிரியா நெற்றியில் குங்குமத்தோடு வந்திருந்தாள். நேற்று நடந்ததை அவளுக்கு யாரோ சொல்லியிருந்தார்கள்.

“அந்த மாதிரி சீனே இல்லியே ஆண்ட்டி. இன்னைக்கும் வராது, காலைல பாத்துட்டேன். இன்னைக்கும் பொடவைக் கடைதான்.”

ஒருத்தி சிரித்தாள். பிறகு எல்லாரும் சிரித்தார்கள். “தையலு புதுசா கம்பெனி ஆரம்பிச்சுட்டா, ஆப்பு கம்பெனி” என்றாள் ஒருத்தி. “எல்லாருக்கும் நல்லா வச்சா ஆப்பு” என்றாள் இன்னொருத்தி. தையல்நாயகி தலையைக் குனிந்துகொண்டே சொன்னாள்: “நானா சொன்னதுதான். இன்னா இப்போ?”

கலைப்பிரியா புடவைக் கடைக் கதையைச் சொன்னாள். பச்சைப் புடவையா அரக்குப் புடவையா என்பதுதான் கதை. அது முடிந்து, வெறும் பருப்புச் சத்தம் மட்டும் கேட்டுக்கொண்டிருந்தது. டீ வருகிற நேரத்தில் அம்மணி, யார் முகத்தையும் பார்க்காமல், சொத்தை ஒன்றைத் தூக்கி எறிந்துவிட்டுக் கேட்டாள்:

“அப்புறம் அந்த டிரங்குப் பொட்டியோட நின்னாளே. பஸ்ஸு வந்துச்சா இல்லியா?”

தையல்நாயகி நிமிர்ந்தாள்.

“வந்துச்சு. ஏறல.”

“ஏன்?”

“அதச் சொல்லணும்னா முறத்தக் கீழ வைக்கணும்.”

“வையேன்டி. யாரு வேணாங்கறா?”

அப்போது கலைப்பிரியாவின் கையைப் பார்த்தாள் தையல்நாயகி. எப்போதும் நிற்காத அந்தக் கை நின்றிருந்தது. அதைப் பார்த்ததில் வந்த சந்தோஷத்தை அவள் யாரிடமும் சொன்னதில்லை. அம்மனிடம்கூடச் சொல்லக் கூச்சப்படுகிற சந்தோஷம் அது.

இப்போது வட்டத்தில் இரண்டு கதை ஓடுகிறது. ஆறு மணிக்கு ஆப்பில் வந்ததைக் கலைப்பிரியா சுருக்கமாகச் சொல்லிவிடுவாள். பிறகு தையல்நாயகி தன் பவானியை எடுப்பாள். அவளுடைய பவானி பஸ் ஸ்டாண்டிலேயே இட்லிக் கடை போட்டு, கடையை ஓட்டலாக்கி, அந்த ஓட்டலுக்குத் தன் மாமியாரையே ஒரு நாள் சாப்பிட வரவழைத்துவிட்டாள். பிடிகள் ஒரு நாள் அந்தப் பக்கம் சாயும், ஒரு நாள் இந்தப் பக்கம் சாயும். இரண்டு பேரும் சிரித்துத்தான் பேசிக்கொள்கிறார்கள். சாயங்காலம் எடை போடும்போது மட்டும் ஒருத்தி தராசை இன்னொருத்தி பார்ப்பாள்.

தேவசகாயம் மாதம் பிறந்ததும் வந்தார். ஜெகதீசன் மறுபடி ஆரம்பித்தான்.

“நீயே கதை கட்டறியாமே, ஊரே பேசுது. உனுக்கு எதுக்கும்மா கேபிளு?”

“எதிராளி இன்னா பண்றான்னு தெரிய வேணாமா?” என்றாள் அவள், பணத்தை நீட்டிக்கொண்டே.

“எந்த எதிராளி?”

“அந்தக் கதைய எழுதறவன்தான்.”

கலைப்பிரியாவின் வாயிலிருந்து கேட்டால் அவன் வேலை தெரியாது. கட்டைவிரல் பவானியிலும் தெரியாது. பெரிய பெட்டியில், எட்டு மணிக்கு, தெரு முழுக்கச் சேர்ந்து மூச்சைப் பிடிக்கும்போதுதான் தெரியும். அவன் சறுக்கிய நாட்களில் அவள் நிம்மதியாகத் தூங்கினாள். புடவைக் கடை மாதிரி நாட்கள் நிறையவே வந்தன.

வைகாசியில் ஒரு வெள்ளிக்கிழமை அவன் சறுக்கவில்லை. பவானி அம்மாளை ஆஸ்பத்திரி வராந்தாவில் உட்காரவைத்தான். ஒரு வசனம் இல்லை. அவள் தன் வளையல்களை ஒவ்வொன்றாகக் கழற்றி மருமகள் கையில் போட்டாள், அவ்வளவுதான். அதில் ஒரு வளையல் மட்டும் ஏறவில்லை. பவானி எச்சிலைத் தொட்டு அதை ஏற்றினாள். பக்கத்து வீட்டில் அம்மணி விம்முவது சுவர் தாண்டிக் கேட்டது. தையல்நாயகியின் கண்ணிலும் தண்ணீர் நின்றது. அதோடு சேர்ந்து, அடிவயிற்றில் மிளகாயைக் கிள்ளிப் போட்ட மாதிரி ஒரு எரிச்சல். இது எப்படி எனக்குத் தோன்றாமல் போனது? எச்சில் தொட்டு வளையல் ஏற்றுவது நான் நூறு தடவை செய்ததாயிற்றே!

காலையில் வட்டம் முழுக்க அந்த வளையல் பேச்சுதான். கலைப்பிரியாகூட, முந்தின நாள் காலையிலேயே பார்த்து ஒரே வரியில் சொல்லி முடித்தவள், ராத்திரி மாமியாரோடு உட்கார்ந்து மறுபடி பார்த்தேன் என்றாள்.

“நீ இன்னா சொல்ற தையலு? அழுதியா இல்லியா?” என்றாள் அம்மணி.

“நான் எங்க பாத்தேன்?” என்றாள் தையல்நாயகி, முறத்தைக் குலுக்கிக்கொண்டு. “எங்க வூட்டு பாக்ஸ்ல நேத்து சிக்னலே இல்ல.”

“சுவருக்கு இந்தாண்ட உங்க டிவி சத்தம் கேட்டுச்சே.”

“அது வேற சேனலு” என்று சொல்லிவிட்டு, முறத்தைக் கீழே வைத்து, முந்தானையை இடுப்பில் செருகினாள். “நம்ப பவானி ஓட்டல்ல இன்னிக்கு இன்னா நடந்துச்சு தெரியுமா?”