கடைசி பெஞ்சிலிருந்து ஆசீர்வாதம்

மண்டி மொஹல்லாவில் எங்கள் தமிழ்ச் சபைக்கு வந்த அந்தப் போதகரை எனக்கு ஆரம்பத்திலிருந்தே பிடிக்கவில்லை. ஒல்லியான மனிதர், வெள்ளை அங்கிக்குக் கீழே ரப்பர் செருப்பு தெரியும். பிரசங்கம் முடிந்ததும் பீடத்தில் உட்காராமல் வாசலோரக் கடைசி பெஞ்சுக்கு வந்துவிடுவார். ஆசீர்வாதத்தையும் அங்கிருந்தே கூறுவார்.

ஆள் வேவு பார்க்கிறார் என்று கமிட்டியில் நான்தான் முதலில் சொன்னேன். அவரிடமே கேட்டும் விட்டேன்.

“எதுக்கு பாஸ்டர் அங்க போய் உக்கார்றீங்க?”

“யாரு முன்னாடியே எழுந்து போறாங்கன்னு பாக்கத்தான், பிரதர்.”

கூசாமல் ஒப்புக்கொண்டார்.

பிறகு ஒரு ஞாயிறு, கடைசிப் பாட்டின்போதே நான் எழுந்து வெளியேறினேன். சாயங்காலம் மனிதர் என் வீட்டு வாசலில் நின்றார். கண்டிக்க வந்திருக்கிறார் என்று கதவைப் பாதிதான் திறந்தேன்.

“சும்னே, காரணமில்லாம யாரும் ஆசீர்வாதத்த விட்டுட்டுப் போகமாட்டாங்க, பிரதர். வீட்ல யாருக்கு முடியல?”

மனைவி ஆஸ்பத்திரியில் இருப்பதை நான் யாரிடமும் சொல்லியிருக்கவில்லை. யாரோ போட்டுக்கொடுத்திருக்கிறார்கள் என்றே அப்போதும் நினைத்தேன்.

அவர் மாற்றலாகிப் போய்விட்டார். புதுப் போதகர் கடைசிவரை பீடத்திலேயே இருக்கிறார். போன ஞாயிறு நான் பாதியில் எழுந்து வந்தேன். இதுவரை யாரும் கதவைத் தட்டவில்லை.