நாற்காலிக்கு ஓர் எக்ஸ்ரே

ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே எடுப்பது அவள் வேலை. நாள் முழுக்க நின்றபடி, "மூச்சை இழுத்துப் பிடிங்க, அசையாதீங்க" என்று ஊராருக்குச் சொல்லிக்கொண்டிருப்பவள். அதனாலோ என்னவோ, நாற்காலி என்றால் அவளுக்கு உயிர். அதிலும் புது நாற்காலி ஆகாது. அறுபது எழுபது வருஷத்துக்கு முன்னால் பேர்போன டிசைனர்கள் வரைந்த, கால் ஒல்லியான, முதுகு வளைந்த நாற்காலியாக இருக்க வேண்டும்.

பஸ் ஓட்டும் கணவருக்கு இது பிடிபடவே இல்லை.

"வீட்ல ஆளு ரெண்டு. நாற்காலி ஏழு. பஸ் ஸ்டாண்டா இது?" என்பார். ஒன்றிலும் உட்கார மாட்டார். தன் கனத்துக்கு அந்தக் குச்சிக்கால்கள் தாங்காது என்று பயம். கட்டில் விளிம்பில்தான் அவருக்குச் சாப்பாடு.

எட்டாவது நாற்காலி பழைய சாமான் கடையில், உடைந்த மின்விசிறிகளுக்குப் பின்னால் தலைகீழாகக் கிடந்தது. பிளைவுட்டை ஒரே வளைவாக வளைத்த இருக்கை.

"ஒரிஜினல்க்கா. கண்ணை மூடிட்டு எடுத்துட்டுப் போங்க" என்றார் கடைக்காரர். அவள் கண்ணை மூடவில்லை. ஆனால் எடுத்துக்கொண்டு வந்துவிட்டாள்.

கணவர் அதைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தார். "அவன் ஒரிஜினல்னு சொன்னான், நீயும் தலையாட்டிட்டு வந்துட்டே. உள்ள என்ன இருக்குன்னு யாரு பாத்தா?"

அந்தக் கேள்வி சுருக்கென்று தைத்தது. உள்ளே இருப்பதைப் பார்ப்பதுதானே அவள் பிழைப்பு?

அந்த வாரம் எக்ஸ்ரே மெஷின் படுத்துவிட்டது. அதைச் சரிசெய்த மெக்கானிக், "நாளைக்கு எதையாவது வச்சு ஒரு படம் எடுத்துப் பாத்துடலாம்மா" என்றார். மறுநாள் நாற்காலி வாடகைக் காரில் வந்து இறங்கியது. தூக்கி மாளாமல் அதைச் சக்கர நாற்காலியில் ஏற்றித் தள்ளிக்கொண்டு போனாள். வராந்தாவில் இருந்தவர்கள் பழக்கதோஷத்தில் ஒதுங்கி வழிவிட்டார்கள்.

"மூச்சைப் பிடிங்க" என்றாள், அவளும் பழக்கதோஷத்தில். மெக்கானிக் பிடித்துக்கொண்டார்.

படத்தில், பின்னங்காலுக்குள் இரண்டு திருகாணிகள் வெள்ளையாகத் தெரிந்தன. பக்கத்தில் மெல்லிய விரிசல். அறைக்குள் எட்டிப் பார்த்த எலும்பு டாக்டர், "யாரோட காலு?" என்றார்.

"எங்க வீட்டு நாற்காலியோடது, டாக்டர்."

அவர் சிரிக்காமல் குனிந்து பார்த்தார். "பழைய முறிவு. சேத்தவரு கைகாரரு."

"ஒரிஜினலா, காப்பியா?"

"அது எனக்கு எப்படிம்மா தெரியும்? ஆனா தாங்கும்."

நாற்காலியோடு வீட்டுக்கு வந்ததும் நடந்ததைச் சொன்னாள். கணவர் அந்தக் கடைசி வார்த்தையை மட்டும் பிடித்துக்கொண்டார்.

"தாங்கும்னு டாக்டரே சொன்னாரா?"

"ஆமாங்க."

மேஜையைப் பிடித்துக்கொண்டு, பிரேக்கை அழுத்துவதுபோலப் பையப் பைய உட்கார்ந்தார். சத்தமே இல்லை. முதுகு சாய்ந்தது. கால் நீண்டது.

"சாப்பாட்ட இங்கயே கொண்டா" என்றார்.

சாப்பிட்டு முடித்த பிறகும் எழுந்திருக்கவில்லை. ஜன்னலைப் பார்த்தபடி, யாரையோ விசாரிப்பதுபோலக் கேட்டார்:

"அந்தக் கடையில இதுக்கு ஜோடி இருக்கான்னு பாத்தியா?"