திலகவதி எடுத்த படம் எங்கே?

எங்கள் ஊர் குருபோங்கில் பக்கத்து வீட்டுத் திலகவதி, பதினேழு வருஷம் கையுறைத் தொழிற்சாலையில் நின்றபடியே வேலை பார்த்தவள். அதை மூடியதும் அவள் மூலையில் உட்காரவில்லை. நாற்பத்து மூன்று வயதில் பாலர் பள்ளி ஆசிரியர் பயிற்சிக்கு மனுப் போட்டாள். சிரித்தவர்களை நான் திட்டினேன். அது தனிக் கதை.

அன்று காலை லேப்டாப்பில், தேர்வானதாக அவள் பெயரும் பதிவு எண்ணும் வந்தன. அந்தப் பக்கம் ஒரு தடவைதான் காட்டும். பன்னிரண்டு மணிக்குள் அதை ஸ்கிரீன்ஷாட் எடுத்துப் பயிற்சி நிலையத்துக்கு அனுப்பினால்தான் இடம். சன்னல் படம் போட்ட பொத்தானையும் படம் பிடிக்கும் பொத்தானையும் சேர்த்து அமுக்கினாள், பக்கத்தை மூடினாள். படங்கள் போய்ச் சேரும் ஃபோல்டரைத் திறந்தால், காலி.

"பாட்டி, எடுத்த படத்தக் காணோம்!" என்று வேலியோரம் நின்று கத்தினாள். எனக்கு எழுத்துத் தெரியாது, தேடத் தெரியும். போனேன்.

அவள் புருஷன் ஹரிதாஸ், லோரி ஓட்டுகிறவன், "அடைச்சித் தொறந்தா சரியாயிடும்லா" என்று லேப்டாப்பை நிறுத்தும் பொத்தானுக்குக் கையை நீட்டினான்.

"தொட்டே, கைய ஒடிச்சிருவேன்" என்றேன்.

குனிந்து பார்த்தேன். சன்னல் பொத்தான் மட்டும் மஞ்சளாக, அமுங்காமல் விறைத்துக் கிடந்தது.

"இது என்னாடா?"

"சரஸ்வதி பூசைக்குச் சந்தனம் வச்சேன் பாட்டி. லோரிக்கு வைக்கிற மாதிரிதான்."

"லோரிக்கு நெத்தியில வைப்பே. இதுக்கு வாயிலயா அப்புவே?"

திலகவதி ஆயர் குரோ பயிற்சி நிலையத்து வாணிக்குப் போன் போட்டாள்.

"ஒத்தப் பொத்தான் மட்டும் அமுங்கினா படம் ஃபோல்டருக்குப் போகாதுக்கா. கம்ப்யூட்டர் ஞாபகத்துலதான் நிக்கும். அடைச்சிடாதீங்க, அழிஞ்சிரும். படம் வரையிற பெயிண்ட்டத் தொறந்து பேஸ்ட் பண்ணுங்க."

ஹரிதாஸ் இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டான்.

அவள் வேறு இரண்டு பொத்தான்களைத் தட்டினாள். படம் வந்துவிட்டது. திரையில் இருந்ததை நான் எங்கே படித்தேன், அவள் முகத்தைத்தான் படித்தேன். பன்னிரண்டுக்குப் பத்து நிமிஷம் இருக்கும்போது படம் போய்ச் சேர்ந்தது. வாணியே திரும்பக் கூப்பிட்டாள்.

"கெடச்சிருச்சி. திங்கக்கெழம எட்டு மணிக்கு வந்துருங்க டீச்சர்."

போனை வைத்த பிறகும் திலகவதி நாற்காலியை விட்டு எழவில்லை.

"பசிக்குது திலகா. சோறு?" என்றான் ஹரிதாஸ்.

"டீச்சர்னு கூப்பிட்டுட்டுக் கேளுங்க."

கூப்பிட்டான். நானும் கூப்பிட்டேன், எனக்கும் ஒரு தட்டு வந்தது.