பிள்ளைகள்: ஒன்று

நில அளவைத் திணைக்களத்தில் முப்பத்திரண்டு வருடம் வேலை செய்தவன் நான். எதையும் எண்ணாமல் கடந்துபோக என்னால் முடியாது. ஒக்லாந்தின் மவுண்ட் ரோஸ்கில்லில் மகளின் வீட்டு வாசலிலிருந்து பஸ் தரிப்பிடம் வரை நானூற்றுப் பதினொரு எட்டு வைக்க வேண்டும். குளிர்காலத்தில் நானூற்று நாற்பது, ஏனென்றால் முழங்கால் ஒத்துழைக்காது. இப்படிப்பட்ட நான் ஒரே ஒரு முறை பிழையாக எண்ணி எழுதினேன். தெரிந்தே எழுதினேன்.

நியூசிலாந்துக்கு வருவதற்கான படிவத்தில் பிள்ளைகளின் தொகை கேட்டிருந்தார்கள். பெட்டிக்குள் ஒன்று என்று எழுதினேன். மனைவி பின்னால் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள்.

"நான் பெத்தது ரெண்டு" என்றாள்.

"தெரியும்."

"பிறகேன் ஒண்டெண்டு எழுதுறியள்?"

"மற்றவன் எங்கையெண்டு கேட்டால் என்ன சொல்லுறது? சொல்லு பாப்பம்."

அவள் அடுப்படிக்குப் போய்விட்டாள். அன்றைக்குச் சோற்றில் உப்பில்லை.

மற்றவன் இந்தியாவில் இருந்தான். எண்பத்துமூன்றுக் கலவரத்துக்குப் பிறகு எங்கள் சின்னத் தெருவான ஒழுங்கையிலிருந்து ஐந்து பொடியன்கள் ஒரே இரவில் வள்ளம் ஏறினார்கள். அவனுக்கு உயர்தரப் பரீட்சைக்கு இரண்டு மாதம் இருந்தது. மறுநாள் காலை கடற்கரைக்குப் போனேன். வேலியோரமாக ஐந்து சைக்கிள்கள் சாய்ந்து நின்றன. பூட்டுப் போட்டிருந்தது எங்களுடையது மட்டும். திரும்பி வருவேன் என்று நினைத்துத்தான் பூட்டியிருக்கிறான். அதைத் தோளில் தூக்கிக்கொண்டு வீட்டுக்கு நடந்தேன்.

இந்தியாவில் முகாம் வைத்து ஆயுதப் பயிற்சி கொடுக்கிறார்கள் என்பது ஊரில் எல்லாருக்கும் தெரிந்த இரகசியம். கொழும்பு அரசோடு டில்லிக்கு மனத்தாங்கல். பெரிய நாடு நேரே இறங்கி அடிக்க விரும்பவில்லை, அதற்கு வேறு கைகள் தேவைப்பட்டன. எங்கள் ஒழுங்கையிலிருந்து ஐந்து சோடிக் கைகள் போயின. அதைத் தடுக்க எனக்கு வழி தெரியவில்லை. வயதுப் பொடியனை வீட்டில் வைத்திருந்தாலும் ஆமி பிடித்துக்கொண்டு போகும்.

விண்ணப்பத்தோடு ஒரு குடும்பப் படமும் வைக்க வேண்டியிருந்தது. எங்களிடம் நால்வரும் சேர்ந்து நின்ற படம் ஒன்றுதான் இருந்தது. மகள் கல்யாணமாகி ஒக்லாந்துக்குப் புறப்படுவதற்கு முதல் ஸ்டூடியோவில் எடுத்தது. இரும்பு அடிமட்டக் கோலை வைத்து, பிளேடால், மகன் நின்ற பக்கத்தை நேராக வெட்டி எடுத்தேன். கோடு இழுப்பதில் எனக்குக் கை பிசகாது.

ஒக்லாந்துக்கு வந்தோம். இரண்டு வீடு தள்ளி மதுரைக்காரர் ஒருவர் தன் மகனோடு இருந்தார், வங்கியில் வேலை பார்த்து ஓய்வுபெற்றவர். காலையில் இருவரும் சான்ட்ரிங்ஹாம் ரோட்டுக் கடைகள் வரை நடந்து திரும்புவோம். முதல் நாளே கேட்டார்.

"உங்களுக்கு எத்தன புள்ளைங்க சார்?"

"ஒண்டுதான். மகள்."

"பையன் இல்லையா?"

"இல்லை."

அவர் மேலே கேட்கவில்லை. ஆனால் நாளுக்கு ஒருமுறையாவது, "உங்க இயக்கப் பசங்களுக்கு எங்க ஊர்ல எல்லாம் பண்றாங்க சார், ஒண்ணும் கவலப்படாதீங்க" என்பார். நான் பாதையோரத் தபால்பெட்டிகளை எண்ணிக்கொண்டு வருவேன்.

பிறகு எண்பத்தேழில் இந்திய இராணுவம் யாழ்ப்பாணத்துக்கு வந்தது. அமைதி காக்க வந்தோம் என்றார்கள். மூன்று மாதம் முடியவில்லை, தாங்களே பயிற்சி கொடுத்து வளர்த்தவர்களோடு சண்டை தொடங்கிவிட்டது. எங்கள் ஒழுங்கையில் ஷெல் விழுந்தது என்று கடிதம் வந்தது. மதுரைக்காரர் மூன்று நாள் நடக்க வரவில்லை. நான்காம் நாள் வந்தார். பிரியும்போது, "என்ன சொல்றதுன்னே தெரியல சார்" என்றார். நானும் தலையை ஆட்டினேன். அவரைக் கோபிக்க எனக்குத் தெம்பு இருக்கவில்லை.

அதற்கு அடுத்த வருடம் மகனின் கடிதம் வந்தது, சென்னையிலிருந்து, மகளின் பெயருக்கு. இயக்கங்கள் ஒன்றையொன்று சுடத் தொடங்கியபோதே அவன் விலகிவிட்டானாம். ஊருக்குப் போனால் பழைய தோழர்கள் விடமாட்டார்கள். அவர்கள் விட்டாலும் ஆமி விடாது. சென்னையில் பொலிஸ் வாரத்துக்கு ஒருமுறை வந்து அறையைக் கிண்டுகிறது. கடைசியில் ஒரு வரி: அக்கா, என்னை அங்கை எடுக்க ஏலுமோ?

மகள் கடிதத்தை மேசையில் வைத்துவிட்டு என்னைப் பார்த்தாள்.

"எடுக்கிறதெண்டால் தம்பியெண்டு காட்டவேணும். உங்கட ஃபோமில தம்பியே இல்லை அப்பா."

"போய்ச் சொல்லுவம். பொய் எழுதினது நான்தானே."

"சொன்னால்? உங்களை மட்டும் திருப்பி அனுப்புவினமோ, எங்களையும் சேர்த்தோ? வீடு மோர்ட்கேஜில நிக்குது. இவருக்கு பென்ரோஸில இப்பதான் வேலை நிரந்தரமாயிருக்கு." அவள் கடிதத்தை மடித்து உறைக்குள் வைத்தாள். "தம்பியை விடச் சொல்லேல்ல. எனக்கு ஒண்டும் விளங்கேல்ல."

அடுப்படியிலிருந்து மனைவி சொன்னாள்: "கணக்குப் பிழையெண்டால் திருத்துறதுதானே."

பதினாறு நாள் யோசித்தேன். பதினேழாம் நாள் மகளே லீவு எடுத்துக் காரில் கூட்டிக்கொண்டு போனாள். மனைவியை வர வேண்டாமென்று சொல்லியிருந்தேன். நாங்கள் வெளியே வந்தபோது அவள் சப்பாத்துப் போட்டுக்கொண்டு காரின் பின் சீற்றில் இருந்தாள்.

குடிவரவு அலுவலகத்தில் எங்களுக்கு ஒதுக்கிய அதிகாரி நடுத்தர வயதுப் பெண். என் கோப்பை எடுத்து வந்து விரித்தார். எப்படித் தொடங்குவதென்று மூன்று விதமாக ஆங்கிலத்தில் வசனம் தயாரித்து வைத்திருந்தேன். முதல் வசனத்தைத் தொடங்கு முன் அவர் படத்தைத் திருப்பி என் பக்கம் தள்ளினார்.

"இதை முன்பே யாரும் கேட்கவில்லையா? இது யாருடைய கை?"

குனிந்து பார்த்தேன். மகளின் வலது தோளில், சேலை மடிப்போடு மடிப்பாக, நான்கு விரல்கள் இருந்தன. படம் எடுத்தபோது தமக்கையின் தோளில் கை வைத்திருந்தான். நான் ஆளை வெட்டினேன். விரல்களை விட்டுவிட்டேன். எத்தனை தடவை அந்தப் படத்தைப் பார்த்திருப்பேன். என் கண்ணில் அவை படவேயில்லை.

எனக்கு முன்பே மனைவி வாய் திறந்தாள். "மை சன்" என்றாள். கைப்பையைத் திறந்து, கைக்குட்டையில் சுற்றியிருந்த ஒரு மெல்லிய படக் கீலத்தை எடுத்து, படத்தின் ஓரத்தோடு சேர்த்து வைத்தாள். நான் வெட்டி எடுத்த, எரித்துவிட்டதாக என்னிடம் சொல்லியிருந்த துண்டு அது. வெட்டு நேராக இருந்ததால் சரியாகப் பொருந்தியது.

அதிகாரி கீலத்தை விரலால் அழுத்திப் பார்த்தார். பிறகு, ஏன் மறைத்தீர்கள் என்று கேட்டார். அந்த வசனம் என்னிடம் தயாராக இருக்கவில்லை. "பயத்தால்" என்றேன். உண்மையை எழுதிச் சத்தியக் கடதாசி கொண்டுவாருங்கள், எச்சரிக்கைக் கடிதம் வரும், அதற்கு மேல் நடப்பது என் கையில் இல்லை என்றார். படத்தையும் கீலத்தையும் ஒரே கிளிப்பில் போட்டு வைத்துக்கொண்டார்.

அடுத்த நாள் நடக்கும்போது மதுரைக்காரரிடம் சொன்னேன்.

"சார், எனக்கு ரெண்டு பிள்ளையள். ஒரு மகனும் இருக்கிறான்."

"தெரியும் சார்."

"எப்பிடி?"

"வந்த மொத வாரமே உங்க வீட்டம்மா எங்க வீட்ல சொல்லிட்டாங்க. பையன் பேரு, நட்சத்திரம், என்ன பிடிக்கும் எல்லாம். கோயிலுக்கு அர்ச்சனைக்கு எழுதும்போது எங்க பேரோட சேத்து அவன் பேரையும் எழுதுறா என் சம்சாரம்."

"அப்ப ஏன் இவ்வளவு நாளும் கேக்கேல்ல?"

"நீங்க ஒண்ணுன்னு சொன்னீங்க. நான் என்னத்த கேக்குறது?"

எச்சரிக்கைக் கடிதம் வந்தது. திருப்பி அனுப்பவில்லை. மருமகன் என்னோடு ஐந்து மாதம் முகம் கொடுத்துக் கதைக்கவில்லை. அது நியாயந்தான். மகனை டில்லியிலுள்ள நியூசிலாந்துத் தூதரகத்தில் நேர்முகத்துக்குக் கூப்பிட்டார்கள். பதினொரு மாதத்துக்குப் பிறகு ஒரு மழைநாளில் விமான நிலையத்தில் வந்து இறங்கினான். அவன் வள்ளமேறியபோது வயது பத்தொன்பது. இப்போது முன்பக்கம் முடி கொட்டியிருந்தது. தாய் அவன் கையைப் பிடித்து விரல்களைத் தடவிப் பார்த்தாள். பத்தும் இருந்தன.

வீட்டில் அவன் கதவைப் பார்த்தபடிதான் உட்காருவான். தமக்கையின் பிள்ளை பலூன் உடைத்தால் எழுந்து வெளியே போய்விடுவான். மற்ற நாலு பேரையும் பற்றி நான் கேட்கவில்லை, அவனும் சொல்லவில்லை. அவர்களில் ஒருவனின் தாய் எனக்கு எழுதிய கடிதத்துக்கு இன்னும் பதில் போடவில்லை.

பென்ரோஸில் ஒரு பண்டகசாலையில் மருமகனே மகனுக்கு வேலை எடுத்துக் கொடுத்தார். முதல் நாள் காலை சாப்பாட்டுப் பெட்டியை மூடிக்கொண்டே மகன் சொன்னான்.

"டில்லியில ஒரு கேள்வி கேட்டவை அப்பா. உன்ர தகப்பன் தனக்கு ஒரு பிள்ளையெண்டு எழுதியிருக்கிறாரே, ஏனெண்டு."

"நீ என்ன சொன்னனி?"

"அவர் எண்ணுறதில பிழை விடமாட்டார் எண்டு சொன்னன்."

குரலில் கோபம் ஒன்றும் இல்லை. பெட்டியைப் பையில் வைத்து, சப்பாத்துக் கயிற்றைக் கட்டினான். அவனுக்கு வழி தெரியாதென்று சொல்லி நானும் கூடப் போனேன். வழி அவனுக்கு நன்றாகத் தெரியும், முந்தின நாளே போய்ப் பார்த்துவிட்டு வந்திருந்தான். எனக்காக மெதுவாக நடந்தான். எனக்கு முழங்கால் நோவு. எத்தனை எட்டு என்று பஸ் வந்த பிறகுதான் யோசித்தேன்.