திங்கட்கிழமை நோன்பு

போன வருடம், ரமழானுக்குச் சில மாதங்களுக்கு முன்னால், புத்தளம் தில்லையடியில் நாங்கள் நான்கு பேர் வாடகைக்கு இருந்த வீட்டில் நடந்தது இது. யாருடைய பெயரையும் எழுதப் போவதில்லை. என் பெயரையும்தான்.

எனக்குச் சொந்த இடம் கற்பிட்டிப் பக்கம். வாப்பா களப்பில் மீன் பிடிப்பவர். எங்கள் குடும்பத்தில் உயர்தரம் வரைக்கும் படித்து, அதற்குப் பிறகு கணக்கியல் டிப்ளோமாவும் முடித்த முதல் ஆள் நான். புத்தளம் டவுனில் ஒரு கம்பனியின் கணக்குப் பகுதியில் வேலை கிடைத்தபோது உம்மா தெருவில் எல்லா வீட்டுக்கும் கொழுக்கட்டை அனுப்பினார். அந்தப் பெருமை எனக்குள்ளும் கொஞ்சம் அதிகமாகவே இருந்தது என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

கூட இருந்த மூவரில் ஒருவர் டியூட்டரியில் விஞ்ஞானம் படிப்பிக்கும் மாஸ்டர். இன்னொருவன் போன் திருத்தும் கடை வைத்திருப்பவன், வாய் ஓயாதவன். மூன்றாவது ஆள் ஒரு ஹார்ட்வெயார் கடையில் விற்பனையாளன், என் வயதுதான். இந்தக் கதை அவனைப் பற்றியது. நண்பன் என்றே சொல்லிக்கொள்கிறேன்; அப்படிச் சொல்லும் தகுதி எனக்கு இருக்கிறதா தெரியாது.

ஆரம்பத்தில் எல்லோரும் பகலைக்கு டவுனில்தான் சாப்பிட்டோம். சோத்துப் பார்சலின் விலை ஏறிக்கொண்டே போனது. கடைக்காரர் விலைப் பலகையில் பழைய விலைக்கு மேல் புதுக் கடதாசி ஒட்டுவார். கொஞ்ச நாளில் அதற்கு மேல் இன்னொன்று. விலை ஏற ஏற மீன் துண்டு சின்னதானது. பிறகு இரண்டு பேருக்கு ஒரு பார்சல் எடுத்துப் பார்த்தோம். அதற்கும் முடியாமல் போனபோது, வீட்டிலேயே சமைப்போம் என்று முடிவெடுத்தோம். சமைத்தாலும் சும்மா இல்லை. தென்னந்தோட்டங்களுக்கு நடுவில் குடியிருந்துகொண்டு, ஒரு தேங்காயில் பாதியை இன்றைக்கும் மற்றப் பாதியை நாளைக்கும் என்று திருவினோம். பருப்பு, கருவாடு, சம்பல். வெள்ளிக்கிழமையில் முட்டை.

காலையில் முறை வைத்து ஒருவர் சமைப்போம். ளுஹர் தொழுகை முடிந்ததும் எல்லோரும் சைக்கிளில் வந்து ஒரே சஹனில் சாப்பிடுவோம். கல்யாண வீடுகளில் வைப்பார்களே, பெரிய வட்டத் தாம்பாளம், அதுதான். மாஸ்டர் தன் வீட்டிலிருந்து கொண்டுவந்தது. சஹனில் சாப்பிடுவதில் ஒரு நன்மை உண்டு: யார் எவ்வளவு சாப்பிட்டார் என்று யாருக்கும் தெரியாது.

சாமான் வாங்க ஒவ்வொருவரும் கிழமைக்கு ஒரு தடவை பங்குக் காசு போட வேண்டும். கணக்குப் படித்தவன் என்பதால் பொறுப்பு என்னிடம் வந்தது. நானும் அதைக் கம்பனி வேலை போலவே செய்தேன்.

சமைக்கத் தொடங்கிக் கொஞ்ச நாளில், நண்பன் திங்களும் வியாழனும் பகலைக்கு வராமல் விட்டான். கேட்டதற்கு, கட்டாயமில்லாத, ஸுன்னத்தான நோன்பு பிடிக்கத் தொடங்கியிருப்பதாகச் சொன்னான். எங்களுக்குச் சந்தோஷம். மாஸ்டர் அவனுக்காக ஈத்தம்பழம் எடுத்து வைப்பார். நோன்பு திறக்கும் மஃரிபு நேரத்துக்கு முன்னால் ஒரு கிளாஸ் சர்பத் கரைத்து மேசையில் மூடி வைப்பார். போன் கடைக்காரன், “எங்கட வீட்டுக்குச் சம்பளம் இல்லாம ஒரு ஆலிம்சா கெடச்சிருக்காரு” என்று அவனை மார்க்க அறிஞராக்கிக் கிண்டலடிப்பான். நண்பன் சமைக்கும் முறை நோன்பு நாளில் வந்தாலும் தவறாமல் சமைப்பான். உப்புப் பார்க்க மட்டும் எங்களைக் கூப்பிடுவான். பின்னேரம் நாங்கள் வேலை விட்டு வரும்போது, காலையில் சோறு அடிப்பிடித்த பானைகூடத் தேய்த்துக் கவிழ்த்து வைத்திருப்பான். நோன்போடு இந்த வேலையும் செய்கிறானே என்று நாங்கள் ஆளுக்காள் சொல்லிக்கொள்வோம்.

இங்கேதான் நான் என் படிப்பைக் காட்டினேன். அவன் சாப்பிடாத பகல்களுக்கு அவனிடம் பங்கு வாங்குவது நியாயமில்லை என்று எனக்குத் தோன்றியது. எல்லோரும் இருக்கும்போதே அதைச் சொல்லி, அவனுடைய பங்கைக் குறைத்தேன். முதலில் வேண்டாம் என்றான். நான் நீதியைப் பற்றி ஒரு சின்னப் பிரசங்கமே செய்தேன். பிறகு சரி என்றான். அதற்குப் பிறகு அவனுடைய நோன்புகள் கூடின. பிறை பதின்மூன்று, பதினான்கு, பதினைந்து நோன்பு என்றான். போன ரமழானில் காய்ச்சலில் விட்ட நோன்பு என்றான். எங்கள் சஹனில் அனேகமாக மூன்று பேர்தான்.

ஒரு வியாழக்கிழமை. சாப்பிட்டுவிட்டு வேலைக்குத் திரும்பிப் பாதி வழி போன பிறகுதான், போனை வீட்டில் சார்ஜில் போட்டபடியே விட்டது ஞாபகம் வந்தது. திரும்பி வந்தேன். வாசலில் நண்பனுடைய சைக்கிள் நின்றது. உடம்புக்கு ஏதும் சரியில்லையோ என்று நினைத்துக்கொண்டு உள்ளே போனேன்.

குசினியில், கதவுக்குப் பின்னால் நிலத்தில் குந்தியிருந்தான். மடியில் சோத்துப் பானை. அடியில் பிடித்துக் கருகியிருந்த சோற்றைக் கரண்டியால் சுரண்டி, பச்சைத் தண்ணீர் ஊற்றி, உப்பும் ஒரு பச்சை மிளகாயும் வைத்துச் சாப்பிட்டுக்கொண்டிருந்தான். வீட்டுக்காரரின் கோழிகளுக்குப் போட வேண்டிய சோறு அது.

என்னைக் கண்டதும் எழும்பவில்லை. வாயிலிருந்ததை விழுங்கவும் முடியாமல், துப்பவும் முடியாமல் அப்படியே இருந்தான். பிறகு, தலை சுற்றியதால் இன்றைக்கு நோன்பை முறித்துவிட்டதாகச் சொன்னான். நான் பானையைப் பார்த்தேன். இத்தனை நாளும் அது தேய்த்துக் கவிழ்த்திருந்ததன் அர்த்தம் அப்போதுதான் எனக்குப் புரிந்தது. போனை எடுக்கப் போகாமல் அவன் முன்னால் குந்தினேன். அதுவே அவனுக்குக் கேள்வியாக இருந்திருக்க வேண்டும்.

மெதுவாகச் சொன்னான். கட்டட வேலைகள் குறைந்து, கடையில் அவனுக்குக் கிழமையில் பாதி நாள் சம்பளம்தானாம். வாப்பா விழுந்து இடுப்பு உடைந்து படுக்கையில். தங்கச்சியை அவளுடைய மாப்பிள்ளை விட்டுவிட்டுப் போய், கைப்பிள்ளையோடு வீட்டில் இருக்கிறாள். பால்மாப் பக்கெட் விற்கிற விலை எனக்கும் தெரியும். எங்களிடம் பங்கு குறைத்துக் கேட்க வெட்கமாக இருந்ததாம்.

“நோம்பு எண்டு சொன்னா ஒருத்தரும் வா, தின்னு எண்டு இழுக்க மாட்டாங்க மச்சான். ஏன் தின்னல்ல எண்டும் கேக்க மாட்டாங்க.”

கரண்டியைப் பானைக்குள் வைத்துவிட்டு, “பசி பெரிசில்ல. அல்லாஹ்ட பேரச் சொல்லிப் பொய் சொல்றதுதான் உள்ளுக்க அரிக்குது” என்றான். அவனை அதைவிட வருத்தியது இன்னொன்று. பங்கு குறைத்த பிறகு அந்த அடிச்சோறுகூட அவனுக்கு உரிமையில்லாத சோறாம். என்னுடைய நியாயம் அவனை எங்கே கொண்டுபோய் இருத்தியிருக்கிறது, பாருங்கள்.

மற்ற இருவருக்கும் சொல்ல வேண்டாம் என்று கேட்டான். அது ஒன்றைத்தான் கேட்டான். நானும் அல்லாஹ் மீது ஆணையாகச் சொல்லமாட்டேன் என்றேன்.

அன்று மஃரிபுக்கு முன்னால் மாஸ்டர் வழக்கம்போல ஈத்தம்பழமும் சர்பத்தும் வைத்தார். நண்பன் கை கழுவிக்கொண்டு வந்து உட்கார்ந்தான். பள்ளியில் பாங்கு சொல்லும்வரை காத்திருந்தான். வாய்க்குள் துஆ ஓதினான். எதிரே உட்கார்ந்திருந்த என்னை ஒரு தடவையும் பார்க்கவில்லை. என்னாலும் அங்கே இருக்க முடியவில்லை. குளியலறைக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டு நின்றேன்.

என் வாக்கு அடுத்த நாள் ஜும்ஆத் தொழுகைவரைக்கும்தான் தாங்கியது. பள்ளியிலிருந்து வரும் வழியில் மாஸ்டரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். வம்புக்குச் சொல்லவில்லை. ஒரு மனிதன் பசியோடு இருக்கும்போது இரகசியம் காப்பது எப்படிச் சரியாகும் என்று எனக்கு நானே வாதாடி வென்றிருந்தேன். மாஸ்டர் வீதியோரத்தில் சைக்கிளை நிறுத்திக் கண்ணைத் துடைத்தார். பின்னேரமே போன் கடைக்காரனுக்கும் தெரிந்துவிட்டது. அவனும் நல்ல மனம்தான். கிண்டலடித்ததை நினைத்து அன்றிரவு சாப்பிட வாங்கிய பாண் துண்டைக்கூடத் தொடவில்லை.

மூன்று பேரும் சேர்ந்து திட்டம் போட்டோம். திங்கட்கிழமை பகல், எல்லாச் செலவையும் மறந்துவிட்டு, கடையில் கோழிப் புரியாணி எடுப்பது. நண்பனைக் கூப்பிட்டு நடுவில் இருத்திச் சாப்பிட வைப்பது. இனிமேல் அவனிடம் பங்கே வாங்குவதில்லை என்று சொல்வது. எவ்வளவு சந்தோஷமாக இருந்தோம் தெரியுமா? எதையோ பெரிதாகச் செய்யப் போகிறோம் என்ற சந்தோஷம்.

திங்கள் பகல் சஹன் நிறையப் புரியாணியைக் கொட்டி வைத்துவிட்டு, அவனுக்கு நான்தான் போன் எடுத்தேன். நோன்பு என்றான். போன் கடைக்காரன் என் கையிலிருந்து போனைப் பறித்து, “நீ வா மச்சான், எங்களுக்கு எல்லாம் தெரியும்” என்றான். நண்பன் வருவதாகச் சொன்னான்.

வந்தவன் வாசற்படியிலேயே நின்றான். சஹனைப் பார்த்தான். “நான் இண்டைக்கு நோம்பு மச்சான்” என்றான். போன் கடைக்காரன் போய் அவன் மணிக்கட்டைப் பிடித்து, “போதும்டா, எங்கக்கிட்ட என்னத்துக்கு நடிப்பு” என்று அன்பாகத்தான் இழுத்தான். நண்பன் என்னைப் பார்த்தான். வியாழக்கிழமைக்குப் பிறகு அவன் என்னை நேராகப் பார்த்தது அப்போதுதான். நான், பரவாயில்லை, இருந்து சாப்பிடு என்பதுபோலத் தலையை ஆட்டினேன்.

இருந்தான். பிஸ்மில்லாஹ் சொல்லிச் சாப்பிட்டான். நாங்கள் மூன்று பேரும் எங்கள் பக்கத்து இறைச்சியை எல்லாம் அவன் பக்கம் தள்ளித் தள்ளி விட்டோம். மாஸ்டர் பேசத் தொடங்கி, பாதியில் நிறுத்தி இன்னொரு துண்டைத் தள்ளினார். நண்பன்தான் ஏதோ பகிடி சொல்லி எங்களைச் சிரிக்க வைத்தான். சாப்பிட்டு முடிந்ததும் யாரையும் விடாமல் சஹனைத் தானே கழுவி வைத்துவிட்டுக் கடைக்குப் போனான்.

அந்தக் கிழமை முடிவதற்குள் வீட்டை விட்டுப் போய்விட்டான். இரும்புச் சாமான் களவு போகிறதாம், காவலுக்கு ஆள் வேண்டும் என்று முதலாளி ஸ்டோரில் தங்கச் சொல்கிறாராம். சிரித்த முகத்தோடு எல்லோருக்கும் ஸலாம் சொல்லி, பாயைச் சைக்கிளில் கட்டிக்கொண்டு போனான். மற்ற இருவரும் நம்பினார்கள். நான் வாக்கு மீறியதால்தான் போகிறான் என்று எனக்குத் தெரியும். அது பாதிக் காரணம்தான் என்று அப்போது தெரியாது.

ரமழான் வந்தது. ஒரு நாள் பின்னேரம் டவுன் பள்ளியொன்றில் நோன்பு திறக்கப் போனேன். வரிசையில் உட்கார இடம் தேடும்போது, ஒருவன் நகர்ந்து தன் பக்கத்தில் இடம் விட்டான். பார்த்தால் அவன். உட்கார்ந்தேன். எங்கள் முன்னால் கஞ்சிக் கோப்பைகளில் ஆவி பறந்துகொண்டிருந்தது. பாங்குக்கு இன்னும் நேரம் இருந்தது.

நான்தான் பேச்சைத் தொடங்கினேன். சொல்லமாட்டேன் என்று சத்தியம் பண்ணிவிட்டுச் சொன்னதற்கு மன்னிப்புக் கேட்டேன். அவன் கஞ்சியைப் பார்த்துக்கொண்டே பதில் சொன்னான்.

“நீ அவங்களுக்குச் சொன்னதுக்கு எனக்குக் கோவம் இல்ல மச்சான். ஆனா அந்தத் திங்கக்கிழம நான் மெய்யாவே நோம்பு. உன்ட கண்ணுல பட்ட பொறகு, ஒண்டையாவது உண்மையாப் புடிப்பம் எண்டு விடிய முன்ன ஸஹருக்குத் தண்ணி குடிச்சு, நோம்பு புடிக்கிறேன் எண்டு நிய்யத் வெச்சேன். நான் உங்களுக்குச் சொன்ன நோம்புகள்ல அதுதான் மெய்யான மொதல் நோம்பு.”

ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன்.

“சொன்னேன்தானே” என்றான்.

குற்றம் சாட்டுவது போலச் சொல்லவில்லை. விருந்துக்குக் கூப்பிட்டால் ஸுன்னத்தான நோன்பை முறிக்கலாம், அதில் பாவமில்லை என்று எனக்கு ஆறுதலும் சொன்னான். பாங்கு கேட்டது. ஒரு ஈத்தம்பழத்தைப் பிய்த்துப் பாதியை என் கையில் வைத்தான். அதை வாயில் போட எனக்கு வெகுநேரம் பிடித்தது.

அதற்குப் பிறகு இரண்டு தடவை அவனை வீதியில் கண்டிருக்கிறேன். கையசைப்பான், நானும் அசைப்பேன். இன்றைக்கும் யாராவது எனக்கு வேண்டாம் என்றோ, சாப்பிட்டுவிட்டேன் என்றோ, நோன்பு என்றோ சொன்னால் நான் மறுபேச்சுப் பேசுவதில்லை. பசித்தவனுக்குச் சோறு கொடுக்கிறோம் என்று நினைத்துக்கொண்டு, தன்னைத் தானே தூக்கி நிறுத்த அவன் அன்று வைத்திருந்த ஒன்றையும் நாங்கள் மூன்று பேரும் பிடுங்கிக்கொண்டோமே என்ற வெட்கம், இறைச்சித் துண்டுகளை அவன் பக்கம் தள்ளிய இந்தக் கையிலிருந்து இன்னும் போகவில்லை.